மலை வழித்துணை

இலங்கையின் நடுமலை நாட்டில், நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே அமைந்த ஊர் அக்கரப்பத்தனை. அதற்கு மேலே, டயகம தோட்டப் பக்கமாக ஏறிச் சென்றால், ஓரிடத்தில் தேயிலைச் செடிகளின் வரிசை முடிந்து காடு தொடங்குகிறது. அந்தக் காட்டுக்கு அப்பால் கடல் மட்டத்திற்கு மேல் இரண்டாயிரம் மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் விரிந்து கிடப்பது ஹோட்டன் சமவெளி. அதன் விளிம்பில் கிரிகல்பொத்தை என்னும் சிகரம் நிற்கிறது. தென் எல்லையில், 'உலக முடிவு' எனப் பெயர் பெற்ற செங்குத்துப் பள்ளம் இருக்கிறது.

காலையில் வானம் தெளிந்திருக்கும். கண்ணுக்கு எட்டிய வரையில் வழி தெரியும். முற்பகல் கழியுமுன் மூடுபனி ஏறிவரும். பத்தடிக்கு முன்னால் நிற்பது மரமா மனிதனா என்று அறிய இயலாது. காலடியில் தொடங்கிய ஒற்றையடிப் பாதை மானின் தடத்தோடு கலந்து, அதுவும் புல்லில் மறையும். அத்தகைய இடத்திற்குச் செல்ல நினைப்பவன், வழி அறிந்த ஒருவரைத் தேடிக் கூலி பேசுகிறான். பேசி முடித்ததும் இருவரும் புறப்படுகின்றனர்.

இது சிறிய செயலாகத் தோன்றும். ஆயினும் இதனுள் மிகப் பழைய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. கூலி கொடுப்பவன் ஒருவன். வழி தெரிந்தவன் மற்றொருவன். மலையில் இடர் வந்துற்றபோது யாருடைய சொல் செல்லவேண்டும்? பணம் கொடுத்தவன் சொல்லா, பாதை அறிந்தவன் சொல்லா? இக்கேள்விக்கு மனிதர்கள் பல காலங்களில் பல விடைகளைக் கண்டிருக்கின்றனர். சில விடைகளுக்கு உயிர்களே விலையாயின.

வழிகாட்டுதலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தவர்கள் தமிழர்கள். பரிசில் பெற்று மீண்ட கலைஞன் ஒருவன், எதிர்ப்பட்ட வறிய கலைஞனை நோக்கி, 'இன்ன வழியே செல்க, இன்னவனைக் காண்க' என்று ஆற்றுப்படுத்துவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் அவ்வகையைச் சார்ந்தது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னன் என்னும் தலைவன் மீது பாடிய அந்நூல், 583 அடிகளை உடையது. புரவலனின் புகழைப் பாடுவதோடு அது நிற்கவில்லை. காட்டுப் பன்றிகளுக்காகத் தினைப்புனத்தருகே வைத்த பொறிகள், பரண்மீதிருந்து காவலர் எறியும் கவண் கற்கள், கால் வழுக்கும் பாறைகள், பாம்புகள் உறையும் குழிகள் ஆகியவற்றை எல்லாம் எடுத்துரைத்து, அவற்றை எவ்வாறு தவிர்ப்பது என்றும் கூறுகிறது. அப்புலவர் மலையில் நடந்து பழகியவர்களின் அறிவைக் கேட்டறிந்தவர் என்பது நன்கு விளங்கும்.

அந்த வழிகாட்டிக்கு நடந்துசெல்பவனிடம் கூலி இல்லை. தான் பெற்றதைப் பிறரும் பெறவேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு ஊதியம். நாட்கள் செல்லச் செல்ல, வழிகாட்டுதல் அரசர்களின் அறமாகவும் மக்களின் தொழிலாகவும் ஆயிற்று. இலங்கை மலைநாட்டில் இதற்குத் தெளிவான சான்று 1344ஆம் ஆண்டில் கிடைக்கிறது.

அவ்வாண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இபின் பதூதா, இலங்கையின் மேற்குக் கரையில், இன்றைய புத்தளம் பகுதியில் வந்திறங்கினார். அக்கரை அப்போது ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னராகிய அவர், பாரசீக மொழியை அறிந்தவர் என்று இபின் பதூதா எழுதுகிறார். முத்துக்களைப் பரிசளித்த மன்னர், 'வேறு என்ன வேண்டும்?' என்று வினவியபோது, மலைமேல் உள்ள பாதச்சுவட்டைக் காண்பதே தம் விருப்பம் என்று பயணி கூறினார். அது எளிது, உடன் ஆள் அனுப்புவோம் என்று மன்னர் இசைந்தார்.

மன்னர் அனுப்பிய துணை எத்தகையது என்பது கவனிக்கத்தக்கது. பயணிக்கு ஒரு பல்லக்கும் அதைச் சுமக்கும் ஆட்களும், ஆண்டுதோறும் அப்பாதத்தை வழிபடச் செல்லும் வழக்கமுடைய யோகியர் நால்வர், பிராமணர் மூவர், பிற துணைவர் பதின்மர், உணவுப் பொருள்களைச் சுமப்பதற்குப் பதினைவர். இவர்களுள் வழியை உண்மையில் அறிந்தவர்கள் அந்த யோகியர் நால்வரே. வாளேந்திய வீரரை நம்பாமல், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அம்மலையில் ஏறி இறங்கிய கால்களை மன்னர் நம்பினார். சைவ மன்னர் ஒருவர் முஸ்லிம் பயணி ஒருவருக்கு யோகியரைத் துணையாக்கி, பௌத்தர் போற்றும் மலைக்கு அனுப்பினார் என்பதும் நினைவில் வைக்கவேண்டிய செய்தி.

சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். அதில் ஏறுவதற்கு அந்நாளில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று 'பாபா' வழி, மற்றொன்று 'மாமா' வழி. அதாவது ஆதி தந்தையின் வழியும் ஆதி தாயின் வழியும். தாயின் வழி எளியது. யாத்திரிகர் அதன் வழியே இறங்குவர். அவ்வழியே ஏறியவன் யாத்திரை செய்தவனாகக் கருதப்படுவதில்லை. தந்தையின் வழி கடியது. செங்குத்தான பாறையில் இரும்புச் சங்கிலிகள் தொங்கவிடப்பட்டிருந்தன. சங்கிலிகள் பத்து. பத்தாவதைப் பற்றி நின்று கீழே நோக்குபவன், விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தால் தன் இறைநம்பிக்கையை உரைக்கும் சொற்களைத் தானாகவே கூறிவிடுவான். ஆதலின் அது 'சாட்சிச் சங்கிலி' எனப்பட்டது.

பெரிய ஆபத்துகளைக் காட்டிலும் சிறியனவற்றை அறிவதே வழித்துணைவரின் திறமை. மலைநாட்டுக் காடுகளின் அட்டைகளை இபின் பதூதா மறவாமல் குறித்துள்ளார். மரத்திலும் புல்லிலும் இருந்து தாவிப் பற்றும் அவற்றின்மேல் பிழிவதற்கென்று எலுமிச்சம்பழங்களை ஆயத்தமாக வைத்திருந்தனர். சாறு பட்டதும் அட்டை விழும். பின்னர், அதற்கென்றே செய்த மரக்கத்தியால் அவ்விடத்தைச் சுரண்டிவிடுவர். அட்டைகளைப் பொருட்படுத்தாமல் நடந்த யாத்திரிகர் ஒருவர், இரத்தம் வடிந்து இறந்தார் என்ற கதையையும் அவர் கேட்டறிந்தார். இன்றும் மழைக்காலத்தில் அக்கரப்பத்தனைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அட்டைக்கடி புதியதன்று. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் கைமருந்தும் புதியதன்று.

அவர் கூறும் மற்றொரு கதை, நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்வியின் நெஞ்சைத் தொடுவது. ஷிராஸ் நகரத்துப் பெரியார் அபூ அப்துல்லா என்பவர் முப்பது பக்கிரிகளோடு இம்மலைக்கு வந்தார். மக்கள் குடியில்லாத காட்டில் அவர்கள் வழி தவறினர், பசி வாட்டியது. சிறிய யானை ஒன்றைக் கொன்று உண்ணலாமா என்று பக்கிரிகள் கேட்டனர். கூடாது என்று பெரியார் தடுத்தார். பசி சொல்லை மீறச் செய்தது. அவர்கள் கொன்று உண்டனர். பெரியார் மட்டும் உண்ணவில்லை. அன்றிரவு யானைகள் நாற்புறமும் திரண்டு வந்து, உறங்கியவர்களை ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துக் கொன்றன. பெரியாரையும் முகர்ந்தன, அவருக்குத் தீங்கு செய்யவில்லை. ஒரு யானை அவரைத் துதிக்கையால் எடுத்து முதுகில் ஏற்றி, மக்கள் வாழும் இடத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இதை நடந்த நிகழ்ச்சி என்று கொள்ளவேண்டியதில்லை. ஆனால் இக்கதையை மலைவழியில் சொல்லிவந்தவர்கள் எதற்காகச் சொன்னார்கள் என்பது எளிதில் விளங்கும். காட்டில் தலைவன் 'வேண்டாம்' என்று சொன்னால், பசித்தாலும் கேட்கவேண்டும். கேளாதவர் திரும்புவதில்லை.

இலங்கையில் கதையாக வழங்கிய இந்த உண்மை, ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் கண்முன் நிகழ்ந்தது. அம்மலைத் தொடரில் உயர்ந்த சிகரம் மோன் பிளாங்க். 1786ஆம் ஆண்டில், பளிங்குக்கல் தேடும் தொழிலாளியாகிய பால்மா என்பவரும் மருத்துவர் பக்கார் என்பவரும் அதில் முதன்முதல் ஏறினர். அதன் பின்னர் அடிவாரத்து ஊராகிய ஷமொனியின் உழவர்களுக்குப் புதுத் தொழில் ஒன்று கிடைத்தது. செல்வரும் அறிஞரும் கூலி கொடுத்து அவர்களை அழைத்துக்கொண்டு பனிமலை ஏறலாயினர்.

1820ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ருஷ்ய அரசின் பணியிலிருந்த ஹாமெல் என்னும் அறிஞர் இரண்டு ஆங்கிலேயரோடு புறப்பட்டார். வழியில் வானிலை கெட்டது. திரும்பிவிடலாம் என்றனர் வழிகாட்டிகள். ஹாமெல் இணங்கவில்லை; அவர்களைக் கோழைகள் என்று இகழ்ந்தார் என்றும் சொல்வர். கூலி வாங்கியவர்கள் தலைகுனிந்து முன்னே நடந்தனர். புதிதாக விழுந்திருந்த பனி அவர்கள் காலடியில் பெயர்ந்து சரிந்தது. முன்சென்ற வழிகாட்டிகள் மூவர் பனிப்பிளவுக்குள் வீழ்ந்து மறைந்தனர். கூலி கொடுத்தவர்கள் பிழைத்தனர். 41 ஆண்டுகள் கழிந்தபின், 1861இல், அம்மூவரின் எச்சங்களைப் பனியாறு தன் அடிவாரத்தில் வெளிப்படுத்தியது. அன்று உடன்சென்று உயிர் தப்பிய வழிகாட்டி ஒருவர், முதியவராக அங்கே நின்று அவற்றை அடையாளம் கண்டார்.

அந்த இழப்பு வீண்போகவில்லை. அடுத்த ஆண்டாகிய 1821இல் ஷமொனி வழிகாட்டிகள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். உலகில் இத்தகைய சங்கங்களுள் மூத்தது அதுவே. பயணிகளை முறைவைத்து ஏற்றுக்கொள்வது, கூலியை வரையறுப்பது, இடருற்றோர் குடும்பத்துக்கு உதவும் நிதி சேர்ப்பது ஆகியவை அதன் பணிகள். ஒருவன் தனியே நின்று 'திரும்புவோம்' என்று சொன்னால் கோழை என்று இகழலாம். ஊரே ஒன்றுகூடிச் சொன்னால் இகழமுடியாது. வழி தெரிந்தவனின் சொல்லுக்கு வலிமை தந்தது அந்த ஒற்றுமையே.

இன்று பனிமலைக்குச் செல்வோருட் பலர், கால்களில் சறுக்குக் கட்டைகளையோ ஒற்றைப் பலகையையோ பூட்டிக்கொண்டு சரிவில் விரைந்திறங்கும் விளையாட்டுக்காகவே செல்கின்றனர். காசுமீரத்துக் குல்மார்க்கிலும் இவ்விளையாட்டு நடைபெறுகிறது. செப்பனிட்டுக் காவல் செய்யப்பட்ட சரிவுகளில் இறங்குவோர்க்குத் துணை தேவையில்லை. அவற்றைவிட்டு யாரும் மிதியாத பனியை நாடிச் செல்வோர்க்கோ, வழிகாட்டி இன்றியமையாதவர். பனி ஒரே பொருளாகத் தோன்றினாலும் அது அடுக்கடுக்காக விழுந்து படிந்தது. வலுவற்ற அடுக்கின்மேல் கனத்த அடுக்கு அமைந்தால், ஒரு மனிதனின் எடையே அதை உடைத்துச் சரியச் செய்யும். 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளே பெரும்பாலும் அவ்வாறு சரிகின்றன; விளையாடுவோர் விரும்பும் சரிவுகளும் அவையே. பனியில் புதையுண்டவர், கால் மணி நேரத்துக்குள் மீட்கப்படாவிடில் உயிர் பிழைப்பது அரிது. ஆதலின் புதைந்த இடத்தை உணர்த்தும் வானொலிக் கருவி, துழாவும் கோல், மண்வெட்டி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும் என்று வழிகாட்டி வற்புறுத்துவார். அன்று காலையில் பனியைத் தோண்டிப் பார்த்து, 'இன்று இச்சரிவு வேண்டாம்' என்றும் சொல்வார். அந்தச் சொல்லுக்காகவே அவருக்குக் கூலி.

மீண்டும் மலைநாட்டுக்கு வருவோம். 1834ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை அதிகாரிகள் இருவர் வேட்டைக்குச் சென்றபோது, மகா எலிய தென்ன என்று சிங்கள மக்கள் வழங்கிய உயர் சமவெளியை அடைந்தனர். அது அன்றைய ஆளுநர் வில்மட் ஹோட்டனின் பெயரைப் பெற்றது. அருவி ஒன்றுக்கு வேட்டையில் பெயர்பெற்ற சாமுவேல் பேக்கரின் பெயர் அமைந்தது. ஏற்கனவே ஒரு பெயர் பெற்றிருந்த சமவெளியைக் 'கண்டுபிடித்தவர்' என்று இருவர் குறிக்கப்பட்டனர். யானைத் தடத்தையும் மான் தடத்தையும் அறிந்து அந்நாட்களில் காட்டுவழி காட்டிய ஊரவர்களின் பெயர்களோ நிலப்படத்தில் ஏறவில்லை. கூலி கொடுத்ததோடு கடன் தீர்ந்தது என்று எண்ணப்பட்டது போலும்.

அதே நூற்றாண்டில் மலைநாட்டுக்கு மற்றொரு வகை வழிகாட்டியும் வந்தார். அவரே கங்காணி. கோப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். கங்காணி தமிழ்நாட்டில் தம் ஊருக்குச் சென்று, உறவினரையும் அயலவரையும் திரட்டி, மன்னார்க் கரையில் இறக்கி, அங்கிருந்து மாத்தளை வரையில் ஏறத்தாழ 150 மைல் காட்டுவழியே நடத்தி வந்தார். வழியில் குடிக்கத் தக்க நீர் அரிது. வாந்திபேதியும் காய்ச்சலும் வழிப்போக்கரைப் பின்தொடர்ந்தன. கைவிடப்பட்டு வழியோரத்தில் மாண்டவர் பலர். அவர்களுக்கு அவ்வழி புதிது. அதை அறிந்தவர் கங்காணி ஒருவரே. அவர் சொன்ன இடத்தில் நின்றனர். சொன்ன நேரத்தில் நடந்தனர்.

இங்கே கூலி பேசிய முறையை நோக்கவேண்டும். நடந்தவர்கள் வழிகாட்டிக்குக் கூலி கொடுக்கவில்லை; தோட்டத் துரையின் பணமே அவரை அனுப்பியது. ஆனால் வழிச்செலவு முழுவதும் நடந்தவர்கள் தலையில் கடனாக ஏறியது. தோட்டத்தை அடைந்த நாளிலேயே அவர்கள் கடனாளிகள். கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்கு மாற இயலாது. அத்துண்டு கையில் இருந்தால், கங்காணி தம் ஆட்களைக் கூட்டமாகவே ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லலாம். புதிய துரை பழைய கடனைச் செலுத்துவார். கடன் மட்டும் ஆட்களோடு தொடர்ந்து செல்லும். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. 1914இல் தலைமன்னார் வரையில் புகையிரதப் பாதை அமைந்தபின் நடைவழியின் துன்பமும் முடிந்திருந்தது.

கங்காணிகள் எல்லோரும் கொடியவர் என்பதன்று. தம் உறவினரின் நோயில் உடனிருந்து பார்த்தவரும், ஊரின் திருவிழாவையும் கூத்தையும் மலைக்குக் கொண்டுவந்து வளர்த்தவரும் அவர்களிடையே இருந்தனர். ஆயினும் அந்த அமைப்பில் ஒரு குறை அடிப்படையிலேயே இருந்தது. ஷமொனியில் வழிகாட்டியின் சொல்லைக் கேளாமையால் இடர் வந்தது. மன்னார் வழியிலோ, வழிகாட்டியின் சொல்லைக் கேட்டதே இடராயிற்று. வழிகாட்டி யாருடைய நலனுக்காக நடக்கிறார் என்பது தெரியாவிட்டால், அவருக்கு வழி தெரிந்திருப்பதால் மட்டும் பயனில்லை.

இமயமலையில் இவ்வுண்மை மெல்ல மெல்ல உணரப்பட்டது. 1922இல் எவரெஸ்ட் சிகரத்தை நாடிச் சென்ற குழுவின் சுமையாளர் எழுவர், பனிச்சரிவில் மாண்டனர். அந்நாளில் அவர்கள் சுமை தூக்குவோராகவே எண்ணப்பட்டனர். 1953இல் டென்சிங் நோர்கே, ஹில்லாரியோடு அச்சிகரத்தின் உச்சியில் நின்றார். அடுத்த ஆண்டில் டார்ஜிலிங்கில் இமய மலையேற்றப் பயிற்சிக்கழகம் நிறுவப்பட்டபோது, களப்பயிற்சியின் தலைவராக அவரே அமர்த்தப்பட்டார். சுமை தூக்கியவர் ஆசிரியரானார்.

கூலிக்கும் ஆணைக்கும் அப்பாற்பட்ட வழித்துணை ஒன்றும் இம்மலைநாட்டில் உயிரோடு இருக்கிறது. மார்கழியை ஒட்டிய பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரையில் நீடிக்கும் யாத்திரைக் காலத்தில், ஹற்றன், மஸ்கெலியா வழியே நல்லதண்ணியை அடைந்து, இரவு முழுதும் மக்கள் சிவனொளிபாதமலை ஏறுகின்றனர். சிங்கள யாத்திரிகர் குழுவில் பலமுறை ஏறிய மூத்தவரே தலைவர். அவரை 'நடே குரா' என்பர். முதன்முறை வருபவரை 'கோடுகாரயா' என்பர். எங்கே இளைப்பாறுவது, எங்கே நூல் கட்டுவது என்பவற்றை மூத்தவர் சொல்ல, இளையவர் கேட்பர். உச்சியில் ஒவ்வொருவரும் தாம் எத்தனை முறை ஏறினாரோ அத்தனை முறை மணி ஒலிக்கின்றனர். அம்மணியோசையைக் கேட்ட அளவிலேயே வழி அறிந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வெளிநாட்டவரும் உள்நாட்டவரும் அதைக் காண வருகின்றனர். அக்கரப்பத்தனைப் பக்கத்து மலைகளை நாடுவோர், அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவரைத் துணைக்கு அழைத்தால், சில செய்திகளை முன்னரே பேசிக்கொள்வது நல்லது. அனுமதி பெற்ற வழி எது? எந்நேரத்தில் திரும்பவேண்டும்? மூடுபனி ஏறினால் யாருடைய சொல் செல்லும்? இவற்றோடு இன்னும் ஒன்றைப் பேசவேண்டும். பெரும்பாலோர் பேசாமல் விடுவதும் அதுவே. சிகரத்தை அடையாமல் பாதியில் திரும்பினாலும் கூலி முழுதும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

ஏனெனில், உச்சியை அடைந்தால்தான் கூலி என்று இருந்தால், பிள்ளைகளின் பசியை நினைத்து ஒருவர் அபாயத்தைக் கண்டும் காணாதவர் போல் முன்னே நடக்கக்கூடும். 1820இல் ஷமொனியின் மூவர் அவ்வாறே இகழ்ச்சிக்கு அஞ்சி நடந்தனர். திரும்புவதற்கும் கூலி உண்டு என்று அறிந்தவரோ, அஞ்சாமல் உண்மையைச் சொல்வார்.

மாலையில் டயகமப் பக்கத்து லயங்களில் விளக்குகள் எரியத் தொடங்கும்போது, மூடுபனிக்குள்ளிருந்து இருவர் இறங்கி வருகின்றனர். அவர்கள் சிகரத்தைக் கண்டார்களோ இல்லையோ, முன்னே வருபவர் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்கிறார், பின்னே வருபவர் அவருடைய அடிச்சுவட்டிலேயே கால் வைக்கிறார்.